ஒரு நாளுக்கான பேப்பர் வேற, ஆயுசுக்கும் வைக்கிற பேப்பர் வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க வாரக்கடைசி இணைப்புல கல்யாணத்துக்கு நாமளே கையால செஞ்சுக்கற பேப்பர் வேலைப்பாடுகளைப் பத்தி அடிக்கடி போடறீங்க, பேப்பர் ரோஸ், பேப்பர் நாடாவைச் சுருட்டி ஒட்டற க்வில்லிங்ல மணமக்கள் பேரு, சின்னச் சின்ன மடிப்பு டப்பா, வந்தவங்க வாழ்த்து எழுதிப் போடற பெட்டின்னு படத்தோட வருது, நான் ஒண்ணு விடாம படிக்கிறேன், வெட்டி எடுத்து தெரிஞ்சவங்களுக்கெல்லாம் குடுத்தும் இருக்கேன். தெரிஞ்சவங்க வீட்டுல கல்யாணம்னு காதுல விழுந்தா கத்தரியும் பேப்பருமா போய் உக்கார்ற ஆளு நான், அதனால ஒரு நாளிதழ்ல இதுக்குன்னு இடம் ஒதுக்கறதே எனக்கு ரொம்ப சந்தோஷம். அந்த உரிமையிலதான் ஒரு குறையைச் சொல்ல இந்த லெட்டரை எழுதறேன்.

எல்லா செய்முறையிலயும் தேவையான பொருட்கள்னு ஒரு கட்டம் போடறீங்க. அதுல கலர் பேப்பர், பசை, கத்தரி, ஸ்கெட்ச் பேனா, அவ்வளவுதான் இருக்கு. என்ன பேப்பர், எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம் எடைங்கற கணக்கு), எந்தப் பசை, எந்த இங்க், ஒரு வார்த்தை கிடையாது. மடிக்கிறது வெட்டறது எல்லாம் படம் போட்டு அழகா சொல்லித் தர்றீங்க, ஆனா அந்தப் பொருள் நாலு வருஷத்துல பழுப்பாகி உதிருமா இல்ல பேரப்பிள்ளைங்க எடுத்துப் பாக்கற அளவுக்கு நிக்குமாங்கறதை முடிவு பண்றது அந்த விட்டுப்போன விஷயம்தான். கல்யாண நினைவா வைக்கிற பொருளுக்கு இது முக்கியமில்லன்னா வேற எதுக்கு முக்கியம் சொல்லுங்க.

ஏன் பேப்பர் பழுப்பாகுதுங்கறதுக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம், உங்க பேப்பரையே எடுத்துக்கலாம். ஜன்னலோரம் வெயில்ல ஒரு ரெண்டு மூணு நாள் போட்டு வச்சா மேல் பக்கம் மஞ்சளடிச்சிரும். நியூஸ்பிரிண்ட்டுங்கற செய்தித்தாள் பேப்பர் பெரும்பாலும் மரத்தை அப்படியே அரைச்சு எடுத்த கூழ், அதுல லிக்னின்னு ஒண்ணு இருக்கு, மரத்துக்கு விறைப்பு குடுக்கறதே அதுதான், வெளிச்சமும் காத்தும் பட்டா அது நிறம் மாறுது, கூடவே அமிலமும் உண்டாகுது. இதை நான் குறையா சொல்லல, ஒரு நாள் படிக்கிற செய்தித்தாளுக்கு அந்தப் பேப்பர் போதும், சரியான பேப்பரும் அதுதான். மரத்தை அரைச்சு கூழாக்கற முறையை ஜெர்மனியில கெல்லர்ங்கறவர் 1844ல கண்டுபிடிச்சார், அதுக்கப்புறம்தான் பேப்பர் இவ்வளவு மலிவா எல்லார் கைக்கும் வந்துச்சு. அதுக்கும் முன்னாடியே, 1807ல, இங்க் ஊறாம இருக்க படிகாரமும் மரப்பிசினும் சேக்கற வழியை இல்லிக்னு இன்னொரு ஜெர்மானியர் வெளியிட்டிருந்தார். மரக்கூழ், படிகாரம் ரெண்டும் சேந்ததும் பேப்பருக்குள்ளயே அமிலம் உக்காந்துகிச்சு. அந்த அமிலம் நாரைக் கொஞ்சம் கொஞ்சமா துண்டு துண்டாக்குது, அதனாலதான் நூறு நூத்தம்பது வருஷத்துப் புத்தகங்கள்ல பல புத்தகம் பக்கத்தைத் திருப்பினாலே உடையுது. அமெரிக்காவுல வில்லியம் பேரோன்னு ஒருத்தர் 1950கள்ல வரிசையா சோதனை பண்ணி, முக்கியக் காரணம் இந்த அமிலம்தான்னு காட்டினார்.

இதுக்கு நேர் எதிரா, ஜப்பான்ல ஷோசோயின்னு ஒரு பழைய களஞ்சியம் இருக்கு, அங்க 702ஆம் வருஷத்துக் குடும்பப் பதிவேடு கையால செஞ்ச பேப்பர்ல இன்னைக்கும் இருக்கு. ஆயிரத்து முந்நூறு வருஷம் தாண்டிருச்சு. கோஸோங்கற செடியோட பட்டையில இருந்து வர்ற நார் பத்து மில்லிமீட்டர் அளவுக்கு நீளமா இருக்கும், சாதாரண மரக்கூழ் நார் ஒண்ணுல இருந்து மூணு மில்லிமீட்டர்தான், நீள நார் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு நிக்குது, அமிலமும் இல்ல. 2014ல யுனெஸ்கோ அந்தக் கைப்பேப்பர் தொழிலை மனிதகுலப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு. எல்லாரும் ஜப்பான் பேப்பர் வாங்குங்கன்னு சொல்ல வரல. பேப்பர்னா சீக்கிரம் அழியற பொருள்னு நம்ம மனசுல ஒரு எண்ணம் இருக்கு பாருங்க, அது தப்பு, நல்லதா எடுத்து நல்லபடியா வச்சா பல நூறு வருஷம் நிக்கக்கூடியது பேப்பர்.

கைவேலைக்கே ஒரு உதாரணம் சொல்றேன். மேரி டெலனின்னு ஒரு இங்கிலாந்து அம்மா, 1700ல பிறந்தவங்க, 72 வயசுல உக்காந்து கலர் பேப்பரை இதழ் இதழா வெட்டி கறுப்புப் பின்னணியில ஒட்டி பூப்படம் செய்ய ஆரம்பிச்சாங்க, கண்ணு மங்கற வரைக்கும் பத்து வருஷம் விடல, கிட்டத்தட்ட ஆயிரம் படம் செஞ்சாங்க, பிரிட்டிஷ் மியூசியத்துல இன்னைக்கும் இருக்கு. அப்ப ஐரோப்பாவுல பேப்பர்ங்கறது கந்தல் துணியை ஊறவச்சு இடிச்சுச் செஞ்சது. கத்தரியும் பசையும் பொறுமையும்தான் அவங்க மூலதனம், அதே மூணும் நம்ம கிட்டயும் இருக்கு, அவங்களுக்கு தானா அமைஞ்ச நல்ல பேப்பரை நாம தேடிப் பாத்து வாங்கணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சொல்ல வர்றது இதுதான். கல்யாணத்துக்குச் செய்யற பேப்பர் வேலையை முதல்லயே ரெண்டாப் பிரிச்சிரணும். அன்னைக்கு ஒரு நாள் கண்ணுக்கு நிறைவா இருந்து முடிஞ்சு போறது ஒண்ணு, தோரணம், மேடைப் பின்னணிப் பூ, மேசை மேல வைக்கிற பேர்ச்சீட்டு எல்லாம் அதுல வரும். காலத்துக்கும் எடுத்து வைக்கிறது இன்னொண்ணு, வாழ்த்துப் புத்தகம், மணமக்கள் ஒருத்தருக்கொருத்தர் எழுதின லெட்டர், ஆல்பம், கல்யாணப் பத்திரிகையில ஒரு நல்ல பிரதி, ஃபிரேம் போடற க்வில்லிங். முதல் வகைக்கு நல்ல பேப்பரைக் கொட்டறது வேஸ்ட், ரெண்டாவதுக்கு கையில கிடைச்ச பேப்பரை எடுக்கறது அநியாயம். உங்க பக்கத்துல ரெண்டும் கலந்து ஒரே மாதிரி வருது, படிக்கிறவங்களுக்கு எதுக்கு என்ன எடுக்கணும்னு புரியறதில்ல.

முதல் வகையில ரொம்ப யோசிக்க ஒண்ணும் இல்ல. க்ரேப் பேப்பர், டிஷ்யூ, பழைய மேகஸின் பக்கம், பழைய நோட்டு, எல்லாமே ஆகும். க்ரேப்புல வெயில் படாம, தண்ணி படாம பாத்துக்கிட்டா போதும், அந்த சாயம் ஈரத்துல ஊறி வெள்ளைத் துணியில ஒட்டிரும், அதனால உடுத்திக்கிற துணிக்குப் பக்கத்துல அடர் கலர் க்ரேப் வேண்டாம். மினுக்குத் தூள் வேண்டவே வேண்டாம்னு நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன். அது பெரும்பாலும் பிளாஸ்டிக், தரையில விழுந்தது பெருக்கி முடியாது, மண்ணுலயும் தண்ணியிலயும் போய்ச் சேருது, அது ஒட்டின பேப்பர் மறுசுழற்சிக்கும் உதவாது. ஐரோப்பிய ஒன்றியமே 2023 அக்டோபர்ல இருந்து உதிரி பிளாஸ்டிக் மினுக்குத் தூள் விக்கறதுக்கு கட்டுப்பாடு கொண்டு வந்திருச்சு. மினுக்கு இல்லாம பேப்பர் அழகா இருக்காதுன்னு யாரு சொன்னா, ஒரு வெள்ளைப் பேப்பர்ல கூரான கத்தியால வெட்டின பூவேலை, பின்னாடி வெளிச்சம் வந்தா அதோட நிழல் செவுத்துல விழறதே தனி அழகு.

பேப்பர் ரோஸ் பத்தி இங்க கொஞ்சம் சொல்லிக்கறேன், ஏன்னா உங்க பக்கத்துல வந்த முறையில பூ கூம்பிப் போயிரும். ஒரு வட்டத்தை சுருள் சுருளா வெளியில இருந்து உள்ள வரைக்கும் வெட்டிட்டு, வெளி நுனியில இருந்து சுத்திக்கிட்டே வரணும், அது வரைக்கும் நீங்க போட்டது சரி. ஆனா சுத்தி முடிச்ச உடனே ஒட்டக்கூடாது. விரலை விட்டு உள்ளங்கையில வச்சா சுருள் தானா கொஞ்சம் தளரும், எவ்வளவு தளருதுன்னு கண்ணால பாத்து, பூ எந்த அளவு விரியணுமோ அங்க நிறுத்தி, நடுவுல மிச்சம் இருக்கற வட்டத் துண்டுல பசை தடவி அடியில வச்சு அழுத்தணும். வெளி ஓரத்தை நேரா வெட்டாம லேசா அலை அலையா வெட்டினா இதழ் மாதிரி வரும். 80 ஜிஎஸ்எம் தொளதொளன்னு ஆயிரும், 200க்கு மேல போனா சுருள் பிரிஞ்சுக்கிட்டே இருக்கும், 120ல இருந்து 160க்குள்ள எடுத்தா கைக்கு அடங்கும். இந்த மாதிரி ஒரு நம்பரை நீங்க போட்டா போதும், எத்தனையோ பேரோட பேப்பர் மிச்சம்.

இப்ப ரெண்டாவது வகை. இங்கதான் எனக்கு ஆதங்கமே. கடையில கேக்கும்போது அமிலமில்லாத பேப்பர், ஆசிட் ஃப்ரீன்னு கேட்டு வாங்கணும். நீண்ட காலம் நிக்கற பேப்பருக்குன்னு ஐஎஸ்ஓ 9706ன்னு 1994ல வந்த ஒரு சர்வதேசத் தரம் இருக்கு, வட்டத்துக்குள்ள எட்டைப் படுக்கப்போட்ட மாதிரி ஒரு அடையாளம் போட்டிருப்பாங்க. அந்தத் தரத்துப் பேப்பர்ல பிஹெச் அளவு, அதாவது அமிலமா காரமான்னு காட்டற எண் (7க்குக் கீழ போனா அமிலம்), 7.5ல இருந்து 10க்குள்ள இருக்கணும், பின்னாடி வர்ற அமிலத்தை முறிக்க கால்சியம் கார்பனேட் மாதிரி ஒண்ணு குறைஞ்சது 2 சதவீதம் உள்ளயே இருக்கணும். அடையாளம் இல்லாத பேப்பர்னா அதைக் கண்டுபிடிக்க பிஹெச் பேனான்னு ஒண்ணு கிடைக்குது, ஓரத்துல ஒரு கோடு போட்டா ஊதாவா மாறினா சரி, மஞ்சளாவே நின்னா அமிலம் இருக்குன்னு அர்த்தம். கோடு அழியாது, அதனால வேலைக்கு எடுத்த பேப்பர்ல போடாம வெட்டி மிஞ்சின துண்டுல போட்டுப் பாக்கணும். கைப்பேப்பர்னாலே நல்ல பேப்பர்னு பலரும் நம்பறாங்க, அப்படியும் சொல்ல முடியாது, பருத்தித் துணிக் கழிவுல செஞ்சதுன்னா ரொம்ப நல்லது, பழைய நியூஸ்பிரிண்ட்டைக் கரைச்சு செஞ்சதுன்னா அதே லிக்னின்தான் உள்ள இருக்கும். உள்ள பூவிதழ், இலை, வைக்கோல் எல்லாம் போட்டுச் செஞ்ச பேப்பர் பாக்க அழகு, ஆனா நாளாக நாளாக அந்த இதழைச் சுத்தி பழுப்பு வட்டம் விழும், அதை அட்டையா வச்சுக்கங்க, எழுதற பக்கமா வேண்டாம்.

பேப்பருக்கு ஒரு வாட்டம் உண்டு, இதை யாருமே எழுதறதில்ல. மெஷின்ல ஓடும்போது நாரெல்லாம் ஒரே திசையில படுத்துக்கும். அட்டையை எடுத்து ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி லேசா வளைச்சுப் பாருங்க, ஒரு பக்கம் சுலபமா வளையும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். சுலபமா வளையற கோட்டுலதான் மடிப்பு வரணும். எதிர் வாட்டத்துல மடிச்சா மடிப்பு விளிம்புல மேல்தோல் உடைஞ்சு வெள்ளை வெள்ளையா தெரியும், அச்சடிச்ச அட்டையில அது இன்னும் பளிச்சுனு காட்டும், வாழ்த்து அட்டை எவ்வளவு பிரமாதமா இருந்தாலும் அந்த ஒரு கோடு மொத்தத்தையும் கெடுத்திரும். கனமான அட்டையில மடிக்கிறதுக்கு முன்னாடி ஸ்கேல் வச்சு இங்க் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால ஒரு பள்ளம் போட்டுக்கணும். அந்தப் பள்ளம் ஒரு பக்கம் குழியாவும் மறுபக்கம் மேடாவும் தெரியும், மேடு உள்பக்கம் வர்ற மாதிரி மடிக்கணும். நிறைய பேர் குழிக்குள்ளயே மடிக்கிறாங்க, பாக்க அதுதான் இயல்பா தோணும், ஆனா மேடு உள்ள போனாத்தான் வெளித்தோல் இழுபடாம மடிப்பு சுத்தமா நிக்கும்.

பசை விஷயத்துக்கு வர்றேன், இங்க எனக்கு கோபமே வரும். செல்லோ டேப்பும் ஹாட் க்ளூவும் கல்யாண நினைவுப் பொருள் கிட்டயே வரக்கூடாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா அவங்க கல்யாணத்தப்ப வந்ததையெல்லாம் ஒரு பெட்டியில வச்சிருந்தாங்க, பல வருஷம் கழிச்சு நாங்க எல்லாரும் உக்காந்து திறந்தோம். செல்லோ டேப் ஒட்டின இடமெல்லாம் பிளாஸ்டிக் தனியா உதிர்ந்து கிடந்துச்சு, அந்தப் பசை மட்டும் பேப்பருக்குள்ள இறங்கி தேன் கலர்ல நீள நீளமா கறை, அது வாழ்த்து எழுதின வரி மேலயே ஓடியிருந்துச்சு. ஹாட் க்ளூவுல ஒட்டின பூவெல்லாம் கழண்டு பெட்டி அடியில குவிஞ்சு கிடந்துச்சு. பிளாஸ்டிக் கவர்ல போட்டிருந்த போட்டோ கவரோடவே ஒட்டிக்கிச்சு, பிரிக்க முடியல. ஆனா அதே பெட்டியில, யாரோ ஒரு பெரியவர் வெறும் பென்சில்ல, வெள்ளைச் சீட்டுல நாலு வரி எழுதிப் போட்டது, நேத்து எழுதின மாதிரி கறுகறுன்னு இருந்துச்சு. பென்சில்ல இருக்கற கிராஃபைட் வெறும் கார்பன், வெளிச்சத்துக்கு மங்காது, ஈரத்துக்கு ஊறாது. அந்த அக்கா அந்த ஒரு சீட்டைத்தான் ரொம்ப நேரம் கையில வச்சிருந்தாங்க.

அதனால பசைன்னா என்ன பண்றது. பழைய ஓவியம், கையெழுத்துப் பிரதியெல்லாம் சரிபண்றவங்க இன்னைக்கும் கோதுமை ஸ்டார்ச் பசையைத்தான் எடுக்கறாங்க, காரணம் என்னன்னா பின்னாடி எடுக்கணும்னா தண்ணி வச்சு ஊறவச்சு எடுத்துரலாம், பேப்பருக்கு சேதம் வராது. ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணி நாலஞ்சு பங்கு, கொஞ்ச நேரம் ஊறவச்சு அடிப்பிடிக்காம கிண்டிக்கிட்டே இருந்தா வெள்ளையா இருந்தது கண்ணாடி மாதிரி ஆகும், இறக்கி ஆறவச்சு மெல்லிய துணியில வடிகட்டி எடுத்தா கட்டி இருக்காது. ரெண்டு மூணு நாளைக்கு மேல வைக்கக்கூடாது, கெட்டுரும். மெல்லிசா தடவணும், அப்பி வச்சா பேப்பர் சுருங்கும், வெள்ளிப்பூச்சிக்கும் அது தீனியாப் போயிரும். மைதா பசையில புரதமும் சேந்து இருக்கும், அதனால தோரணத்துக்கு தாராளமா மைதா பசை போதும், ஆல்பத்துக்கு ஸ்டார்ச் நல்லது. இதெல்லாம் முடியாதுன்னா அமிலமில்லாததுன்னு போட்ட வெள்ளைப் பசை வாங்கிக்கலாம், சாதா வெள்ளைப் பசையில சிலது காய்ஞ்சப்புறம் மஞ்சளாகும், அசிட்டிக் அமிலமும் விடும்.

போட்டோவுக்கு பசையே தேவையில்லங்கறது என் கருத்து. நீளவாக்குல ஒரு சின்ன பேப்பர்த் துண்டை எடுத்து, நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் கீழ மடிச்சா ஒரு முக்கோணப் பாக்கெட் வரும், அதை போட்டோவோட மூலையில மாட்டி, பாக்கெட்டோட முதுகுல மட்டும் பசை தடவி ஆல்பப் பக்கத்துல ஒட்டணும். நாலு மூலைக்கு நாலு. போட்டோவுல ஒரு சொட்டு பசை படாது, எப்ப வேணும்னாலும் உருவி எடுத்து பின்னாடி எழுதியிருக்கறதைப் படிச்சுட்டு திரும்ப வச்சுக்கலாம். கடையில விக்கற ரெடிமேட் மூலையை விட இது எவ்வளவோ மேல், கலரும் நம்ம இஷ்டம்.

இங்க் பத்தி சுருக்கமா. ஸ்கெட்ச் பேனா வேண்டாம், அதுல இருக்கறது சாயம், வெளிச்சத்துல மங்கிரும், ஈரக் கை பட்டா பரவிரும். பிக்மென்ட் இங்க்னு, அதாவது சாயத்துக்குப் பதிலா கரையாத நிறத்தூள் கலந்த இங்க்னு போட்ட பேனா, தண்ணியில அழியாது மங்காதுன்னு எழுதியிருக்கும், அதை வாங்கணும். வாழ்த்துப் புத்தகம் வைக்கிற மேசையில அந்தப் பேனாவையே நாலஞ்சு வச்சிரணும், இல்லன்னா அவங்கவங்க பாக்கெட்ல இருக்கறதை எடுத்து எழுதுவாங்க. பிரிண்ட் எடுக்கறதா இருந்தாலும் பிக்மென்ட் இங்க் பிரிண்டரான்னு கேட்டுக்கங்க. பில் அடிக்கிற பேப்பர் மாதிரி சூட்டுல அச்சாகற பேப்பர் இருக்கு பாருங்க, உடனடி போட்டோ எடுத்துக் குடுக்கற சில குட்டி மெஷின்ல அது வருது, விருந்தாளிங்க படத்தை அதுல எடுத்து ஆல்பத்துல ஒட்டினா சில வருஷத்துல வெறும் வெள்ளைச் சீட்டுதான் மிஞ்சும். அப்படி எடுத்திருந்தா உடனே ஸ்கேன் பண்ணி வேற பிரிண்ட் போட்டுரணும்.

லேமினேஷன் பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும், ஏன்னா பாசமா பண்றேன்னு நினைச்சுத்தான் எல்லாரும் பண்றாங்க. சூடு வச்சு பிளாஸ்டிக்கை பேப்பரோட உருக்கி ஒட்டிர்றது, திரும்ப எடுக்கவே முடியாது. உள்ள அமிலம் இருந்தா அதுவும் உள்ளயே மாட்டிக்கும், ஓரம் பிரிஞ்சா ஈரம் உள்ள போய் வெளிய வராது. அதுக்கு பதிலா பாலியெஸ்டர் இல்லன்னா பாலிப்ரொப்பிலீன் கவர்ல போட்டு வச்சா போதும், கண்ணுக்கும் தெரியும், எடுக்கவும் முடியும். பிவிசி கவர் வேண்டாம், அந்த பிளாஸ்டிக் வாடை குப்புனு வரும் பாருங்க, அதுதான், நாளாக ஆக அது அமிலம் விடும், போட்டோவும் அதோட ஒட்டிக்கும். அப்புறம் உங்க பேப்பர்ல வந்த கல்யாண விளம்பரமோ வாழ்த்துச் செய்தியோ வெட்டி ஆல்பத்துல ஒட்டறவங்க உண்டு, தயவுசெஞ்சு அதுக்கு மட்டும் தனி கவர் போடச் சொல்லுங்க, நியூஸ்பிரிண்ட்ல இருந்து அமிலம் பக்கத்துல இருக்கற நல்ல பேப்பருக்கும் இறங்கும், எதிர்ப் பக்கத்துல அதே அளவுக்கு ஒரு பழுப்புக் கட்டம் விழுந்திருக்கறதை நான் பல ஆல்பத்துல பாத்திருக்கேன். வெட்டினதை நல்ல பேப்பர்ல ஒரு நகல் எடுத்து அந்த நகலை ஒட்டிட்டா இன்னும் நிம்மதி.

வைக்கிற இடம்னு பாத்தா, பரண், சமையலறை, வெளிச்சுவரை ஒட்டின அலமாரி எல்லாம் ஆகாது. காத்துல ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல ஏறினா பூஞ்சை வர ஆரம்பிக்கும், 30ல இருந்து 50 வரைக்கும் பேப்பருக்கு சுகம். வீட்டுக்குள்ள நடு அறையில, தரையில வைக்காம, அமிலமில்லாத அட்டைப் பெட்டியில படுக்க வச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. வருஷத்துக்கு ஒருதரம் திறந்து பாக்கறது பூச்சி வந்திருக்கான்னு தெரிஞ்சுக்க நல்லது, கல்யாண நாளன்னைக்கு திறந்தா பாத்த மாதிரியும் ஆச்சு, கொண்டாடின மாதிரியும் ஆச்சு. ஃபிரேம் போட்ட க்வில்லிங்னா வெயில் நேரா விழற செவுரு வேண்டாம், கண்ணாடி பேப்பரைத் தொடாத மாதிரி இடைவெளி விட்டு ஃபிரேம் போடச் சொல்லணும், ஈரம் கோத்தா கண்ணாடியோட ஒட்டிக்கும்.

இன்னொரு விஷயம் என் மனசுல ரொம்ப நாளா இருக்கு. வந்தவங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு கைவேலைப் பொருள் குடுக்கணும்னு நினைச்சு மணப்பொண்ணு, தங்கச்சி, தோழிங்கன்னு ராத்திரி பகலா உக்காந்து ஒரே மாதிரி நூத்துக்கணக்குல மடிக்கிறாங்க. கடைசி வாரத்துல கை வலி, அவசரம், மடிப்பு கோணல், கல்யாணத்தன்னைக்கு பொண்ணு முகத்துல களைப்பு. அதுல பாதிக்கு மேல நாற்காலியிலயே விட்டுட்டுப் போயிர்றாங்க. எண்ணிக்கையைக் குறைங்கன்னு நான் பாக்கறவங்க கிட்டல்லாம் சொல்றேன். தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவங்க, சொல்லிக் குடுத்த டீச்சர், நெருங்கின நாலு ஃப்ரெண்டு, அவங்களுக்கு மட்டும் நல்ல பேப்பர் எடுத்து, பேரு எழுதி, உள்ள அவங்களுக்குன்னு மட்டும் பொருந்தற ரெண்டு வரி எழுதிக் குடுத்தா அது அவங்க பீரோவுக்குள்ள போகும். மத்தவங்களுக்கு ஒரு சிரிப்பும் கைகூப்பி ஒரு வணக்கமும் போதும், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. உள்ள விதை வச்சுச் செஞ்ச, மண்ணுல நட்டா முளைக்கிற விதைப் பேப்பர் குடுக்கறவங்க ஒண்ணு கவனிக்கணும், அது எடுத்து வைக்கிற பொருள் கிடையாது, விதைக்கு முளைக்கிற காலம்னு ஒண்ணு உண்டு, என்ன விதை, எப்ப வரைக்கும் நடலாம், எவ்வளவு மண் மூடணும்னு அட்டையிலயே எழுதிக் குடுக்கணும், இல்லன்னா அதுவும் அலமாரியில கிடந்து செத்துப்போகும்.

எடுத்து வைக்கிற பொருள்ல எதுக்கு முதலிடம்னு என்னைக் கேட்டா கையெழுத்துக்குத்தான். பூ வேலையை யார் வேணும்னாலும் திரும்ப செஞ்சுக்கலாம், ஆனா ஒருத்தரோட கையெழுத்து அவங்களோடயே போயிரும். அதனால வாழ்த்துப் பெட்டி வைக்கிறவங்க, வாழ்த்துக்கள்னு அச்சடிச்சு கீழ கையெழுத்து மட்டும் போடற சீட்டு வைக்காதீங்க, அப்படி வச்சா எல்லாரும் பேரை மட்டும் கிறுக்கிட்டுப் போயிருவாங்க. வெறும் வெள்ளைச் சீட்டு வச்சு, மேல சின்னதா ஒரு கேள்வி மட்டும் போடுங்க, இவங்களை முதன்முதலா எங்க பாத்தீங்க, இவங்க சின்ன வயசுல பண்ணின ஒரு சேட்டை சொல்லுங்க, இந்த மாதிரி. அப்பதான் ஜனங்க உக்காந்து எழுதுவாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்க இருந்தா பக்கத்துல ஒரு பிள்ளையை உக்கார வச்சு, அவங்க சொல்லச் சொல்ல எழுதி, கீழ அவங்க ரேகையை வாங்கிக்கலாம். சீட்டெல்லாம் ஒரே அளவா, ஏ4 பேப்பரை நாலா வெட்டின அளவுல இருந்தா பின்னாடி துளை போட்டு நூல்ல கோத்து புத்தகமா கட்டறது சுலபம், இடது பக்கம் ரெண்டு விரல் அகலம் எழுதாம விடச் சொல்லி லேசா ஒரு பென்சில் கோடு போட்டுட்டீங்கன்னா தையல் எழுத்து மேல விழாது.

ஐயா, நான் கேக்கறது பெரிய மாத்தம் ஒண்ணும் இல்ல. இனிமே வர்ற ஒவ்வொரு செய்முறைக்கும் கீழ மூணே வரி சேத்துப் போடுங்க, பேப்பரோட ஜிஎஸ்எம்மும் அமிலமில்லாதது வேணுமா வேண்டாமாங்கறதும் ஒண்ணு, பசை எதுங்கறது ஒண்ணு, இது ஒரு நாளைக்கா இல்ல எடுத்து வைக்கிறதுக்கா அப்படிங்கறது ஒண்ணு. கைவேலை சாமான் விக்கறவங்க பாக்கெட் மேல கலரோட பேரைப் பெருசாப் போட்டு பேப்பர் எதுல செஞ்சதுங்கறதை விட்டுடறாங்க, அவங்களும் இதைப் படிச்சா அதையும் அச்சடிக்கட்டும், வாங்கறவங்க கேக்க ஆரம்பிச்சா போடுவாங்க. முடிஞ்சா பேப்பர், ஆவணம் பாதுகாக்கற வேலையில இருக்கற ஒருத்தர் கிட்ட ஒரு பக்கம் எழுதி வாங்கி, அடுத்த கல்யாண சீசன் வர்றதுக்கு முன்னாடியே போட்டுருங்க, சாமான் வாங்கி முடிச்சப்புறம் வந்தா யாருக்கும் பிரயோஜனம் இருக்காது.

இப்படிக்கு,
உங்க வாசகி ஒருத்தி